டாட், எம்கேவி, ஏவிஐ: பெயரைப் பார்த்து மிரள வேண்டாம்

எங்கள் சொந்தக்காரர்களில் யார் வீட்டில் வீடியோ ஓடவில்லை என்றாலும் அழைப்பு எனக்குத்தான் வரும். கோப்புப் பெயரின் கடைசி எழுத்துகளைச் சொல்லிவிட்டு, "இது ஓடுமா?" என்பார்கள். அந்த எழுத்துகளை நான் பாதிதான் நம்புவேன்.

ஏவிஐ, எம்பி4, எம்கேவி எல்லாம் டிபன் கேரியர்கள். உள்ளே படமும் ஒலியும் எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கின்றன என்பதுதான் கேள்வி. அந்தச் சுருக்கும் முறைதான் கோடெக். ஒலி மட்டும் கேட்டு, திரை கறுப்பாக இருந்தால் கோப்பு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலும் அந்தப் படத்தை விரிக்கும் கோடெக் கணினியில் இருக்காது. 2017இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து ஐபோன்கள் எச்இவிசி முறையில் பதிவு செய்யத் தொடங்கின. பழைய கணினியில் அவை அடம்பிடிப்பது இதனால்தான். கோப்பின் பெயரை எம்பி4 என்று மாற்றி எழுதுவதால் உள்ளே ஒன்றும் மாறாது.

அண்மையில் சிங்கப்பூர் தோ பாயோவில் இருக்கும் பெரியம்மா, அக்காவின் கல்யாண விசிடியை எடுத்து வந்தார். வட்டுக்குள் எம்பெக்ஏவி என்றொரு கோப்புறை, அதற்குள் ஏவிஎஸ்இக்யூ01.டாட் (AVSEQ01.DAT) என்ற கோப்பு. எந்த மென்பொருளில் திறக்கட்டும் என்று விண்டோஸ் கேட்டதுமே அவர் முகம் வாடிவிட்டது.

"எல்லாம் போய்விட்டதா, தம்பி?"

"படம் உள்ளேதான் இருக்கிறது, பெரியம்மா."

விசிடியின் டாட் கோப்பில் இருப்பது எம்பெக்-1 என்ற பழைய முறையில் சுருக்கிய படம்தான். நம் பக்கத்து பால் (PAL) தொலைக்காட்சி முறையில் 352க்கு 288 புள்ளிகள், விநாடிக்கு 25 சட்டகங்கள். விஎல்சி என்ற வீடியோ மென்பொருளில் இழுத்துப் போட்டதும் நாதசுரம் கேட்டது. பெரிய தொலைக்காட்சியில் மங்கலாகத்தான் தெரியும். வட்டில் இல்லாத விவரத்தை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது.

தாலி கட்டும் இடத்தில்தான் சிக்கல். வட்டில் கீறல். விசிடியில் படத்துக்கு இடம் தேடுவதற்காக, தரவு சிடியில் இருக்கும் கூடுதல் பிழைதிருத்தத் தகவலை விட்டுவிட்டார்கள். அதனால் சிறு கீறலுக்கே நகலெடுப்பு நின்றுவிடுகிறது. வேறொரு டிரைவில் போட்டபோது முழுவதும் வந்தது. விசிடி வைத்திருப்பவர்கள் இன்றே ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

பாரிஸுக்கு அருகில் ஒரு பொறியியல் கல்லூரியின் மாணவர்கள் 1996இல் தொடங்கிய வேலைதான் விஎல்சி. தேவையான கோடெக்குகளைத் தானே சுமந்து வருவதால், விண்டோஸில் என்ன இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. முன்பெல்லாம் முகம் தெரியாத தளங்களிலிருந்து 'கோடெக் பேக்' இறக்குவோம், கூடவே வைரசும் வரும். அந்தத் தலைவலி இப்போது தேவையில்லை.

அதிலும் ஓடாவிட்டால் மீடியாஇன்ஃபோ என்ற மென்பொருளில் திறந்து, உள்ளே என்ன கோடெக் என்று பார்ப்பேன். தொலைக்காட்சிக்கு எம்கேவிதான் பிடிக்கவில்லை, உள்ளிருக்கும் எச்.264 கோடெக் பிடிக்கும் என்றால், எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளைக் கொண்டு மறுபடி சுருக்காமலேயே எம்பி4க்குள் இடம் மாற்றலாம். தரம் துளியும் குறையாது. இணையத்தில் ஏற்றி மாற்றித் தரும் தளங்களை நான் தொடுவதே இல்லை. வீட்டுக் கல்யாணத்தை யாரோ ஒருவரின் கணினிக்கு எதற்கு அனுப்ப வேண்டும்?

பெரியம்மாவின் தொலைக்காட்சி எம்பெக்-1ஐ ஏற்கவில்லை. எச்.264க்கு மாற்றி யூஎஸ்பியில் கொடுத்தேன். மூல டாட் கோப்பும் அதிலேயே இருக்கிறது. அது ஒரு ஜிபிகூட இல்லை.