விழுந்ததா, வீசியதா? கடல் கேட்கும் கேள்வி

ஃப்ளாட்சம், ஜெட்சம் என்ற இரண்டு சொற்களும் கப்பல் செய்திகளில் ஜோடியாகவே வரும். கடலில் மிதக்கும் குப்பை என்ற பொருளில்தான் பலரும் எழுதுகிறார்கள். ஆனால் இங்கிலாந்தின் கடல் சட்டத்தில் இரண்டும் வேறு வேறு. கப்பல் உடையும்போதோ மூழ்கும்போதோ தானாகக் கழன்று மிதப்பது ஃப்ளாட்சம். புயலில் சிக்கிய கப்பலின் பாரத்தைக் குறைக்க மாலுமிகளே கடலில் வீசும் சரக்கு ஜெட்சம். மூழ்கிவிடும் சரக்கைப் பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று அடையாளத்துக்கு மிதவை கட்டி இறக்கியிருந்தால் அது லேகன்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு? எல்லாம் பொருள் யாருக்குச் சொந்தம் என்பதற்காகத்தான். 1601-இல் சர் ஹென்றி கான்ஸ்டபிள் வழக்கில் இதை அலசியிருக்கிறார்கள்: கரையில் ஒதுங்கிய சரக்கின் மீது ஒரு பிரபுவுக்கு உரிமை கொடுத்திருந்தால், இன்னும் மிதந்துகொண்டிருப்பதும் அவருக்குச் சேருமா? சேராது, கரை தொட்டால்தான் கணக்கு என்று தீர்ப்பு வந்தது. நம் நாட்டின் 1958-ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டமும் இந்தப் பெயர்களைச் சொல்லாமலே மிதப்பது, மூழ்கியது, மிதவையில் கட்டியது என்று தனித்தனியாகப் பிரித்துத்தான் எழுதியிருந்தது.

2007 ஜனவரியில் எம்எஸ்சி நாப்போலி என்ற சரக்குக் கப்பல் புயலில் சேதமாகி, மூழ்கிவிடாமல் இருக்க இங்கிலாந்தின் டெவன் கடற்கரைப் பக்கம் தரைதட்ட வைக்கப்பட்டது. அதிலிருந்த சரக்குப் பெட்டிகள் பிராண்ஸ்கோம் என்ற சின்ன ஊரில் ஒதுங்கின. உள்ளே புத்தம் புது பிஎம்டபிள்யூ பைக்குகள், ஒயின் பீப்பாய்கள், குழந்தைகளின் டயப்பர்கள். எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து பைக்கை மணலில் தள்ளிக்கொண்டு போனார்கள். எடுத்தது குற்றமில்லை, 28 நாளுக்குள் அதற்கான அதிகாரியிடம் சொல்லாமல் இருந்தால்தான் குற்றம். உரிமையாளருக்கு ஓராண்டு அவகாசம் உண்டு, வந்து கேட்டால் பொருள் அவருக்குத்தான். தண்ணீரில் விழுந்ததால் மட்டும் ஒரு பொருள் அநாதையாகிவிடாது என்ற இந்த நியாயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

சரி, அந்த நியாயம் எதை வைத்து நிற்கிறது? தொலைத்தவர் தேடி வருவார் என்ற நம்பிக்கையை வைத்து. 2025 மே மாதம் கொச்சி அருகே எம்எஸ்சி எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் மூழ்கியபோது மிதந்து வந்ததில் பெரும் தொல்லை பிளாஸ்டிக் குருணை. உளுத்தம்பருப்பு அளவில் வெள்ளை வெள்ளையாக, கேரளக் கரையில் தொடங்கி நம் கன்னியாகுமரி மாவட்டக் கரை வரைக்கும் வந்து, மணலிலும் பாசியிலும் கலந்து கிடந்தது. கையால் பொறுக்கி மாளாது, மணலோடு அள்ளிச் சலிக்க வேண்டும், சலித்து நிமிர்வதற்குள் அடுத்த அலை இன்னும் கொஞ்சம் கொண்டுவந்து போடும். சட்டப்படி இதுவும் ஃப்ளாட்சம்தான், பிராண்ஸ்கோம் பைக் போலவே சொந்தக்காரர் உள்ள சரக்குதான். ஆனால் என் பொருளைக் கொடுங்கள் என்று இதைக் கேட்டு யார் வரப்போகிறார்கள்? பழைய சட்டங்கள் ஊர்க்காரர்களிடமிருந்து முதலாளியின் சரக்கைக் காப்பாற்றவே யோசித்தன. முதலாளியின் சரக்கிலிருந்து கடற்கரைக்காரர்களைக் காப்பாற்றுவதுதான் இன்றைய தேவை, அதைச் சட்டத்தில் அழுத்தமாக எழுத வேண்டும் என்பேன்.

கேரள அரசு 9,531 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டு உயர் நீதிமன்றம் போனது. எம்எஸ்சி நிறுவனத்தின் இன்னொரு கப்பல் கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகத்தில் நின்றிருந்தது, அதைப் பிடித்து வைக்க நீதிமன்றம் உத்தரவிட்டது.