கோலில் எழுதியிருக்கும் எண்

மகள் போல் வால்ட் (கோலை ஊன்றி உயரம் தாண்டும் விளையாட்டு) பழகுவதால், ஒஹாயோவில் அவள் பள்ளி அணிக்கு உதவப் போனேன். கோல்களைச் சரிபார்த்து, யாருக்கு எந்தக் கோல் என்று பட்டியல் போடும் வேலையை என் தலையில் கட்டினார்கள்.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி விதிப்படி, தாண்டுபவரின் எடை கோலில் தயாரிப்பாளர் குறித்த எடையை மீறக்கூடாது. அந்த எண் குறைந்தது முக்கால் அங்குல அளவில் எழுதப்பட்டிருக்க வேண்டும். வார்ம்-அப்பில் தவறான கோலை எடுத்தாலும் அந்தப் போட்டியிலிருந்து நீக்கம்.

கோல்கள் ஒரே மதியத்தில் முடிந்தன. இரண்டில் எண் தேய்ந்திருந்தது, ஒதுக்கினேன். ஒன்றில் எண்ணை மறைத்து டேப் மேல் டேப் சுற்றியிருந்தார்கள், உரித்தேன்.

எடை பார்ப்பதில்தான் சொதப்பினேன். எல்லோரையும் வரிசையில் நிற்கவைத்து எண்ணைச் சத்தமாகப் படித்தேன். மூன்றாவது பெண்ணின் முகம் சுருங்கியபோதுதான் உறைத்தது. அப்புறம் எடை மெஷினைச் சாமான் அறைக்குள் வைத்து, பெண் பயிற்சியாளர் ஒருவரிடம் பொறுப்பை விட்டேன்.

பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி 138 பவுண்ட் இருந்தாள். அவள் பழகிய கோலில் இருந்த எண் 135. இன்று ராத்திரி சாப்பிடாமல் இருந்தால் நாளைக்குள் குறைந்துவிடும் என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோலை மாற்றலாம், சாப்பாட்டில் கை வைக்காதே என்றேன்.

கோலில் இருக்கும் அந்த எண் ஒன்றும் வேதவாக்கு இல்லை. கோலின் நடுவில் 50 பவுண்ட் தொங்கவிட்டு, எவ்வளவு வளைகிறது என்று அளந்து போடுவது. 3 பவுண்டுக்கு ஒடிந்துவிடாது என்று தலைமைப் பயிற்சியாளரே முணுமுணுத்தார். ஆனால் இன்று 3 பவுண்டுக்குக் கண்ணை மூடினால் அடுத்த வாரம் 5 பவுண்டோடு ஒருவர் வருவார். பட்டியலில் கையெழுத்துப் போட வேண்டியவர் தலைமைப் பயிற்சியாளர்தான். கடைசியில் 135-க்கு அவர் கையெழுத்துப் போடவில்லை.

பக்கத்துப் பள்ளியில் 145 ஒன்றை இரவல் வாங்கினோம். விறைப்பான கோல். மேலே பிடித்தால் நிமிராமல் ஓடுபாதைப் பக்கமே திருப்பித் தள்ளிவிடும். அதனால் பிடியை அரை அடி இறக்கினோம். வழக்கமாக 8 அடி தாண்டுகிறவள் 7 அடியோடு நின்றாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்று வாரம் ஓட்டத்தை வேகப்படுத்திய பிறகுதான் அந்தக் கோல் அவளுக்கு வளைந்து கொடுத்தது.

பழைய 135 இப்போது ஒன்பதாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியிடம் இருக்கிறது. அவளும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறாள்.