மூன்றிலிருந்து மூன்று போனால் சைபர், கடைசியில் வந்துவிட்டது

நேற்று இரவு பத்தரை மணிக்கு 3 வோல்ற்றிலிருந்து 3 வோல்ற்றைக் கழித்தேன். மீற்றரில் 0.3 மில்லிவோல்ற் நின்றது. மூன்று கிழமையாக இதே கழித்தலுக்கு 22 மில்லிவோல்ற் என்று விடை சொல்லிக்கொண்டிருந்த மின்சுற்று இது. வீட்டில் எல்லோரும் படுத்துவிட்டார்கள், சொல்ல ஆளில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஏ.எல். பௌதிகவியலில் செயற்பாட்டு விரியலாக்கி என்று படித்தோமே, இந்தச் சுற்றில் இருப்பது அதே ஒப்-ஆம்ப்தான், இரண்டு உள்ளீடுகளின் வித்தியாசத்தைப் பெருக்கிக் காட்டும் சில்லு. கணிதச் செய்கைகளைச் செய்ய வைத்ததால்தான் 1947 இல் ஜோன் ரகசினி என்ற பொறியியலாளர் அதற்கு அந்தப் பெயரையே கொடுத்தார். அந்தப் பழைய வேலையையே அதைக் கொண்டு செய்விக்க வேண்டும் என்பது என் ஆசை. கூட்டல் ஒரே பின்னேரத்தில் முடிந்தது. டிஎல்072 என்ற ஒப்-ஆம்ப், மூன்று உள்ளீடு, ரெசிஸ்ரர் (தடை) எல்லாம் 10 கிலோ ஓம், விடை மறைக்குறியோடு வரும், அந்தக் குறியை மாற்றப் பின்னால் இன்னொரு திருப்பி. அவ்வளவுதான்.

கழித்தல் அப்படியில்லை. கூட்டலில் ரெசிஸ்ரர் 1% பிழைத்தால் விடையும் ஏறக்குறைய 1% பிழைக்கும், பொறுத்துக்கொள்ளலாம். கழித்தலிலோ இரண்டு பெரிய எண்கள் ஒன்றையொன்று அழித்துவிட்டுச் சின்ன எண் ஒன்றை விட்டுப்போக வேண்டும். பெரிய எண்ணின் 1% பிழை அந்தச் சின்ன எண்ணையே விழுங்கிவிடும்.

முதலில் 10 கிலோ ஓம் வொலியூம் கொன்ரோல் இரண்டிலிருந்து நேராகவே உள்ளீடு கொடுத்திருந்தேன். நடுவில் திருப்பி வைத்தால் அதன் மூலத்தடை மட்டும் 2.5 கிலோ ஓம், அது போய் 10 கிலோ ஓமோடு தொடரில் சேர்ந்துகொள்கிறது. இரண்டு பக்கமும் ஒரே அளவு சுமை இல்லாததால் விடை நூற்றுக்கணக்கான மில்லிவோல்ற் விலகியது. இரண்டு பக்கமும் பின்தொடரி (உள்ளீட்டு வோல்ற்றை மாற்றாமல் அப்படியே கொடுத்து, சுமையைத் தான் தாங்கும் ஒப்-ஆம்ப்) போட்டதும் அது அடங்கியது. மிஞ்சியது அந்த 22.

இந்த 22 எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. இரண்டு உள்ளீட்டையும் ஒன்றாகக் கட்டி, ஏஏ பற்றரிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். எனக்கு வந்தவை: 0 வோல்ற்றில் 4, 1.5 இல் 13, 3 இல் 22, 4.5 இல் 31 மில்லிவோல்ற். ஒவ்வொரு பற்றரிக்கும் சரியாக 9 ஏறுகிறது. ஏறாமல் நிற்கும் அந்த 4 ஒப்-ஆம்ப்பின் சொந்த ஓஃப்செற், அதாவது உள்ளீடு சைபரானாலும் விடையில் நிற்கும் சிறு பிழை. ஏறுகிற 9 முழுக்க ரெசிஸ்ரர்களின் பொருத்தமின்மை. இந்தச் சோதனையைச் செய்யாமல் ஒப்-ஆம்ப்பை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் இன்னும் ஒரு மாதம் போயிருக்கும்.

நான்கு ரெசிஸ்ரரும் துல்லியமாக 10 கிலோ ஓமாக இருக்கத் தேவையில்லை. உள்ளீட்டு ரெசிஸ்ரர் இரண்டும் தமக்குள் சமம், மற்ற இரண்டும் தமக்குள் சமம், அது போதும். இரண்டு சோடி. ஆனால் சோடி பார்ப்பது எப்படி? இதை ரேடியோ திருத்தும் ஐயா ஒருவரிடம் கேட்டேன். “தம்பி, உங்கட மீற்றர் பத்து ஓம் பத்து ஓமாத்தானே தாவுது, அதை வச்சு என்னெண்டு சோடி பாப்பீங்க? பிரிட்ஜ் கட்டுங்கோ” என்றார்.

கட்டினேன். 12 வோல்ற்றுக்குக் குறுக்கே ஒரு பக்கம் மாறாத ரெசிஸ்ரர் ஒன்று, அதோடு தொடரில் சோதிக்க வேண்டியது. மறுபக்கம் இன்னும் இரண்டு 10 கிலோ ஓம், இடையில் சைபருக்குக் கொண்டுவர 100 ஓம் ட்ரிம்மர் (திருகித் தடையை மாற்றுவது). இரண்டு நடுப்புள்ளிகளுக்கும் இடையே மீற்றரை 200 மில்லிவோல்ற் ரேஞ்சில் வைத்தால், 0.1% வேறுபாடு 3 மில்லிவோல்ற்றாகத் தெரியும். மீற்றரின் கடைசி இலக்கம் 0.1 மில்லிவோல்ற், அதாவது 10,000 ஓமில் ஓமின் மூன்றில் ஒரு பங்கு! அதே மலிவு மீற்றர்தான். மின்வழங்கி கொஞ்சம் ஆடினாலும் பிரிட்ஜ் சமநிலைக்குக் கிட்ட நிற்கும்வரை கவலையில்லை.

இரண்டு தொல்லை வந்தது. ஒன்று, பிரெட்போர்ட், ஈயம் வைக்காமல் பாகங்களைச் செருகும் பலகை. திருகோணமலை உவர்மலையில் கடற்காற்று வீட்டுக்குள்ளேயே வீசுகிறது, ஒரு வருடப் பிரெட்போர்டின் உள்ளே தகடு கறுத்துப் போயிருந்தது. ரெசிஸ்ரரின் காலைச் சற்று அசைத்தால் 1 மில்லிவோல்ற் மாறியது, அது 3 ஓம். பழைய லைற் கூட்டிலிருந்து கழற்றிய திருகுக் கனெக்டரில் இறுக்கிய பிறகுதான் எண் அசையாமல் நின்றது. மற்றது, விரல். ரெசிஸ்ரரைக் கையால் பிடித்து மாட்டினால் விரற்சூட்டுக்கே அரை மில்லிவோல்ற் நகரும், ஒரு நிமிடம் கழித்து மெல்லத் திரும்பி வரும். கச்சான் அடிக்கிற வெக்கையில் ஃபானை நிறுத்திவிட்டு, உடுப்புக் கிளிப்பால் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம் காத்திருந்து 50 ரெசிஸ்ரரை அளந்தேன். கொப்பியில் இரண்டு பக்கம் நிறைந்தது. 0.1 மில்லிவோல்ற்றுக்குள் ஒத்துப்போன சோடி ஆறு கிடைத்தது. ஒரே நாடாவில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவைதான் பெரும்பாலும் சோடி சேர்ந்தன, ஆகவே வாங்கும்போது நாடாவை வெட்டிக் கலக்காமல் வாங்குங்கள்.

வாங்குவது என்றதும் ஞாபகம் வருகிறது. நான் போய்ப் பார்த்த திருகோணமலைக் கடைகளில் 5% கார்பன் ரெசிஸ்ரரும் எல்எம்358 ஒப்-ஆம்ப்பும்தான் இருந்தன. 358 ஐ இதற்குப் போடாதீர்கள், சைபரைக் கடக்கும் இடத்தில் அலையில் ஒரு வெட்டு விழும். 1% மெற்றல் ஃபிலிம் ரெசிஸ்ரர், ஓஃப்செற் குறைந்த ஓபி07 ஒப்-ஆம்ப் எல்லாம் கொழும்பு முதலாம் குறுக்குத்தெருவிலிருந்துதான் எடுப்பித்தேன்.

சோடிகளை மாட்டியதும் அதே பற்றரிச் சோதனை: 4.1, 4.2, 4.4, 4.5. ஏற்றம் படுத்துவிட்டது. மிஞ்சிய அந்த 4 க்காக மூன்று ஒப்-ஆம்ப்பையும் ஓபி07 ஆக்கினேன், நேற்று இரவு 0.3.

இதை இன்னும் போர்டில் நிரந்தரமாக ஈயம் வைக்கவில்லை, ஆனால் மனம் அடுத்ததற்குப் போய்விட்டது. 1872 இல் வில்லியம் தொம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு, கப்பியும் கயிறும் வைத்து அலைகளைக் கூட்டி வற்றுப்பெருக்கைக் கணிக்கும் பொறியை வடிவமைத்தார். அதே கூட்டலை ஒப்-ஆம்ப்பில் செய்ய வேண்டும். சந்திரனின் அலை 12.42 மணி, சூரியனின் அலை 12 மணி. ஒரு மணியை 0.1 செக்கனாகச் சுருக்கினால் 1.242 உம் 1.2 உம். இரண்டையும் கூட்டினால் பூரணைப் பெருக்கிலிருந்து அமாவாசைப் பெருக்கு வரை 35 செக்கனில் ஓடி முடியும். நம் துறைமுகத்தில் தண்ணீர் ஒரு மீற்றர்கூட ஏறி இறங்குவதில்லை, இருந்தாலும் அந்த ஏற்ற இறக்கத்தை மீற்றர் முள்ளில் பார்க்க வேண்டும் என்று ஆவலாக இருக்கிறது.

அந்த இரண்டு அலைகளையும் உண்டாக்க, 1 மைக்ரோஃபரட் கொள்ளளவியோடு சூரியனுக்கு 191 கிலோ ஓம், சந்திரனுக்கு 198. வித்தியாசம் அவ்வளவு குறைவு, அதனால் எலக்ட்ரோலிற்றிக் கொள்ளளவி சரிவராது, பொலியெஸ்ரர் வகை வேண்டும், அதையும் சோடி பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை இரவு ரயிலில் மாமாவின் மகன் வருகிறான், பத்துக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.