இயாகோவின் கறுவம்: ஒத்திகையில் தவறும் இடங்கள்

ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோவைத் தமிழில் மேடைக்கு எடுக்கும்போது முதல் வாசிப்பிலேயே ஒரு பிழை நுழைந்துவிடும். வில்லன் இயாகோவுக்கும் அவனுடைய தளபதி ஒதெல்லோவுக்கும் ‘பொறாமை’ என்ற ஒரே சொல்லை எழுதிவிடுவார்கள். அடுத்தவனுக்குக் கிடைத்ததைக் கண்டு வயிறு எரிவது பொறாமை. மனைவிமேல் வருவது சந்தேகம். ஒதெல்லோவிடம் பின்னது மட்டும்தான். இயாகோவிடம் இரண்டும் உண்டு, அடியில் கறுவமும் கிடக்கிறது, அதாவது பட்ட அநியாயத்தை மறக்காத வன்மம். பிரதியில் மூன்றுக்கும் மூன்று நிறத்தில் கோடு போட்டால் நடிகருக்குப் பாதி வேலை முடிந்தது.

கறுவம் முதற்காட்சியிலேயே தெரிகிறது. ரோட்ஸிலும் சைப்பிரஸிலும் ஒதெல்லோவின் கண்முன் சண்டைபிடித்தவன் இயாகோ. நகரத்துப் பெரியவர்கள் மூவர் அவனுக்காகச் சிபாரிசுக்கும் போனார்கள். உபதளபதிப் பதவியோ காசியோவுக்கு. களத்தில் ஓர் அணியையும் நடத்தியறியாதவன் என்று இவன் பொருமுகிறான். இவனுக்குக் கொடி தூக்கும் வேலை. கந்தோரில் சீனியோரிட்டி பாராமல் கதிரை கொடுத்தால் என்ன நடக்கும் என்று யாழ்ப்பாணத்துச் சபைக்கு விளக்கத் தேவையில்லை. அதனால் இங்கே கத்தக்கூடாது. நியாயம் கேட்கிறவன்போலப் பேசினால் சபை கொஞ்சம் அவன் பக்கம் சாயும். சாயத்தான் வேண்டும்.

சந்தேகம் இயாகோவின் மனைவி எமிலியாவைப் பற்றியது. ஒதெல்லோ தன் கட்டிலுக்கு வந்துபோனதாகக் கதை. உண்மையோ தெரியாது, உண்மையென்றே வைத்து நடப்பேன் என்கிறான். இரண்டாம் அங்கத்தில் அந்த நினைப்பு நஞ்சுபோலக் குடலை அரிக்கிறது என்றும், அதே நோயை ஒதெல்லோவுக்கும் ஏற்றுவேன் என்றும் சொல்கிறான். முழுத் திட்டமும் இதுதான். இந்தத் தனிமொழியைச் சுருக்கினால் பின்னால் வருவதெல்லாம் வெறும் சூழ்ச்சியாகிவிடும்.

கூத்துப் பழகிய நடிகர்கள் வில்லனின் வரவைக் கண்ணிலும் மீசையிலும் கொண்டுவருவார்கள். கூத்தில் அது அழகு, இங்கே கெடுதல். நாடகத்தின் பெரும்பகுதியில் பலரும் இவனை நேர்மையானவன் என்றே அழைக்கிறார்கள். கண்ணை உருட்டினால் நம்புகிற ஒதெல்லோ மொக்கனாகிவிடுவான்.

அதிக நேரம் கொடுக்கவேண்டியது மூன்றாம் அங்கம் மூன்றாம் காட்சிக்கு. ஒதெல்லோவின் மனைவி டெஸ்டிமோனாவிடம் பேசிவிட்டுக் காசியோ விலகும்போது இயாகோ, ‘எனக்கு இது பிடிக்கேல்லை’ என்று தனக்குள் முணுமுணுப்பான். ஒதெல்லோவைப் பார்க்காமல், காசியோ போன வழியைப் பார்த்தபடி. என்னவென்று கேட்டால் ஒன்றுமில்லை என்பான். பிறகு ஒதெல்லோவின் சொல்லையே திருப்பிக் கேட்பான்: நேர்மையோ? நினைப்போ? ஒவ்வொன்றுக்கும் முன் இரண்டு எண்ணிக்கை மௌனம். தாளக்கட்டுத் தெரிந்தவர்களுக்கு இது சுலபம். அவசரப்பட்டால் காசியோவுக்கும் டெஸ்டிமோனாவுக்கும் தொடர்பென்ற குற்றச்சாட்டு இயாகோவிடமிருந்து வந்ததாகிவிடும்; ஒதெல்லோவே கண்டுபிடித்ததாக இருக்கவேண்டும்.

டெஸ்டிமோனா தவறவிட, எமிலியா எடுத்துக்கொடுக்க, இயாகோ சாட்சியாக்கும் கைக்குட்டை 18 அங்குலச் சதுரமாவது வேண்டும், சட்டைப்பைக் குட்டை பின்வரிசைக்குத் தெரியாது. வெள்ளைப் பருத்தியில் சிவப்பு ஸ்ட்ரோபெரிகளைப் பெரிதாகத் தையுங்கள். கஞ்சி போட்டால் கையில் கசங்காது. மேலதிகமாக ஒன்று எமிலியாவின் உடுப்புக்குள் இருக்கட்டும். விழவேண்டியது விழாத நாளும் வரும்.

நேரம் மிச்சம்பிடிக்கிறவர்கள் ஐந்தாம் அங்கத்தில் இயாகோவின் ஒரு வரியை வெட்டிவிடுகிறார்கள்: காசியோவின் வாழ்க்கையில் அன்றாடம் இருக்கும் அழகு தன்னை அசிங்கமாக்குகிறது என்பது. பதவியும் மனைவியும் பேச்சில் இல்லாத சுத்தப் பொறாமை அது. அதை வெட்டாதீர்கள்.

கடைசியில் இனி ஒரு சொல்லும் பேசமாட்டேன் என்றபின்னும் இயாகோ மேடையில் நிற்கிறான். சிரிக்கக்கூடாது. கட்டிலில் பிணமாகக் கிடப்பவர்களைப் பார் என்று வெனிஸிலிருந்து வந்த பிரபு லொடொவிகோ சொல்லும்போது பார்ப்பதா, முகம் திருப்புவதா? பிரதி அதைச் சொல்லவில்லை. ஒத்திகையிலேயே முடிவெடுத்துவிடுங்கள்.