ஆறாம் வகுப்புக்காக ஊர் மாறிய நாட்கள்

2025 ஏப்ரல் 6, ஞாயிறு

பாப்பா தூங்கிய பிறகு நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். வாடகை 17,000. பராமரிப்பு 1,500. பள்ளிக் கட்டணம் வருஷத்துக்கு 92,000, வேன் தனி. என் சம்பளம் 34,000. பிள்ளைச் செலவுக்குப் பாப்பாவின் அப்பா தருவது 8,000. கணக்கு எழுதிப் பிழைப்பவள் நான், ஆனாலும் இந்தக் கணக்கை நேராக்க முடியவில்லை. விவாகரத்துத் தீர்ப்பு வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது, அதற்குள் இரண்டு வளையல் அடகுக் கடைக்குப் போய்விட்டது.

ஆறாம் வகுப்புக்கு முதல் தவணையை 15-ஆம் தேதிக்குள் கட்டச் சொல்கிறார்கள். திருச்சியிலிருந்து சித்தி போன் செய்து, "வேளச்சேரியில என்னடி வெச்சிருக்கு உனக்கு? இங்க வந்துடு" என்றார். முன்பும் சொல்லியிருக்கிறார். இன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

ஏப்ரல் 9

திருச்சியிலிருந்தே வேலை பார்க்கலாமா என்று முதலாளியிடம் கேட்டுவிட்டேன். "கணக்கை டாலி சாஃப்ட்வேர்ல ஏத்துறதை எங்கிருந்து ஏத்தினா என்ன? ஜிஎஸ்டி தேதி மட்டும் தவறக் கூடாது" என்றார். சம்பளத்தில் 4,000 குறைப்பாராம். சரி என்றேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

திருச்சி. சித்தி வீட்டிலிருந்து மூன்று பள்ளிகளுக்குப் போனேன். இரண்டு தனியார் பள்ளிகளிலும் வரவேற்பறையைத் தாண்டி உள்ளே விடவில்லை. குளிர்சாதன அறையில் உட்காரவைத்து, வண்ணப் புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள்.

மூன்றாவது, அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி. ஆண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. புங்கை மரத்தடியில் நான்கைந்து பிள்ளைகள் ஒருத்தி கேட்க மற்றவர்கள் சொல்ல, அறிவியல் பாடத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். தலைமையாசிரியர் அம்மாவிடம், முதலில் கழிப்பறையைப் பார்க்கலாமா என்று கேட்டேன். ஒரு கணம் என்னைப் பார்த்தார், பிறகு அவரே கூட வந்தார். கதவுகளுக்குத் தாழ்ப்பாள் இருந்தது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது. ஒரு வாளி விளிம்பு உடைந்திருந்தது, ஆனால் தரை கழுவிவிட்டிருந்தது. பெண் பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்கள் எல்லோரும் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று சொல்வேன். தாழ்ப்பாள் இல்லாத பள்ளியில் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருந்து படித்தவள் நான்.

ஆங்கில வழிப் பிரிவும் இருக்கிறது. "ஆறாவதிலேயே கொண்டுவந்து விடுகிறீர்கள், அதுதான் நல்லது" என்றார் அந்த அம்மா. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் இதே நிபந்தனைதான். கட்டணம் கட்டித் தனியார் பள்ளியில் படித்துவிட்டு ஒன்பதாவதில் வந்து சேர்கிறவர்களுக்கு இரண்டும் கிடையாது என்றார். ஏழு வருஷம். ஒரே வாசல் வழியாகப் போய், ஒரே வாசல் வழியாக வர வேண்டும். மூன்று வருஷத்தில் மூன்று வீடு மாறிய என் பிள்ளைக்கு அதுவே பெரிய விஷயம்.

ஏப்ரல் 16

வீடு பார்ப்பதுதான் கஷ்டம். முதல் வீட்டில், "சார் எங்கே வேலை?" விவாகரத்து ஆகிவிட்டது என்றதும், "யோசிச்சு சொல்றோம்மா." இரண்டாவது வீட்டில் அதுகூடச் சொல்லவில்லை. வேறொருவர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார் என்றார்கள். வாசலில் 'வாடகைக்கு' பலகை அப்படியே தொங்கியது. தரகர் என் முகத்தைப் பார்த்து, "அடுத்த தடவை வெளிநாட்டுல இருக்கார்னு சொல்லிடுங்க" என்றார். சொல்ல மாட்டேன். பாப்பாவும் அந்தப் பொய்யை ஏழு வருஷம் சுமக்க வேண்டியிருக்கும்.

மாலையில் திருவானைக்காவலில் ஒரு மாமி. தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். கேட்ட கேள்வி ஒன்றுதான்: "வாடகை எத்தனாம் தேதி தருவே?" ஐந்தாம் தேதி என்றேன். மாதம் 8,500. அட்வான்ஸ் 50,000 கேட்டார். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டத்தில் இருப்பதை மெதுவாகச் சொன்னேன். சிரித்துவிட்டு 30,000-க்கு வந்தார். ஏழு வருஷம் இருக்கணும் மாமி என்றேன். "இரேன். யார் வேண்டாங்கறா?"

கிளம்பும்போது அவரே ஒன்று சொன்னார். இந்த ஊர்க் கோயிலில் திருக்கல்யாணம் கிடையாதாம். அம்பாள் இங்கே சுவாமியிடம் பாடம் கேட்ட மாணவியாம், அதனால். பஸ் ஏறும்வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

அவரிடம் பேசிவிட்டேன். தீர்ப்பில் மாதம் இரண்டு சனிக்கிழமை அப்பா பிள்ளையைப் பார்க்கலாம் என்று இருக்கிறது. முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் போனால் அது எப்படி நடக்கும்? வாய்ப் பேச்சு போதாது, எழுதிக் கையெழுத்து வாங்கி நீதிமன்றத்திலும் தாக்கல் செய்துவிடலாம் என்று வக்கீல் அம்மா சொல்லியிருந்தார். ஒரு சனிக்கிழமை நான் சென்னைக்குக் கூட்டிப் போவது, இன்னொன்றுக்கு அவர் வருவது. முதலில் கத்தினார். பள்ளியைப் பற்றிச் சொன்னதும் வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், "நானும் கவர்ன்மெண்ட் ஸ்கூல்தானே" என்றார். எங்களுக்குள் ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். பிள்ளை மேல் அவருக்குப் பாசம் இல்லை என்று நான் ஒருநாளும் எழுத மாட்டேன்.

மே 9

பழைய பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் தர மறுக்கிறார்கள். முன்கூட்டியே சொல்லாததால் ஆறாம் வகுப்புத் தவணையைக் கட்டினால்தான் டிசியாம். படிக்காத வகுப்புக்குப் பணம்! கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆவது பிரிவில், எட்டாம் வகுப்பு வரை டிசி வரத் தாமதமானாலும் அதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று இருக்கிறது. திருச்சித் தலைமையாசிரியருக்குப் போன் செய்தேன். "பிள்ளையைக் கூட்டிட்டு வாங்க. எமிஸ் நம்பரை மட்டும் காமன் பூல்ல விடச் சொல்லுங்க" என்றார். எமிஸ் என்றால் பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவேடு; பழைய பள்ளி பாப்பாவின் பெயரை அதில் பொதுப் பட்டியலுக்கு விட்டால்தான் புதுப் பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். பிரிவு எண்ணைக் குறிப்பிட்டுப் பழைய பள்ளிக்குக் கடிதம் எழுதி பதிவுத் தபாலில் அனுப்பினேன். 

மே 15

கடிதம் அனுப்பிய ஆறாம் நாள் டிசி கைக்கு வந்தது.

மே 25, ஞாயிறு

ஒரு மினி லாரி, 14,000. மெத்தை நனையாமல் வந்து சேர்ந்தது.

மே 28

பெரிய கவலை இப்போதுதான் பிடித்திருக்கிறது. பழைய பள்ளியில் பாப்பாவுக்கு இரண்டாம் மொழி இந்தி. தமிழ் பேசுவாள், எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். 'ழ' போடச் சொன்னால் 'ம' போட்டு அதற்கு ஒரு வால் இழுக்கிறாள். தப்பு என் மேல்தான். மார்க்குக்கு எளிது என்று யாரோ சொன்னதைக் கேட்டு இந்தியில் சேர்த்தவள் நான்.

மாலையில் பஸ் நிறுத்தத்துக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தேன். வரும் பஸ்ஸின் போர்டைப் படிக்க வேண்டும், பஸ் நகர்வதற்குள். "ச... சத்... சத்திரம்!" என்று கத்தினாள். கண்டக்டர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். 'திருவரங்கம்' படிப்பதற்குள் இரண்டு பஸ் போய்விட்டது. மூன்றாவதில் பிடித்துவிட்டாள். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறந்தது. வீட்டிலிருந்து ஒன்பது நிமிஷ நடை. வேன் கிடையாது. பாடப் புத்தகங்களை முதல் நாளே கொடுத்துவிட்டார்கள். மதியம் சத்துணவில் முட்டை போட்டார்கள் என்றாள். "உங்க அப்பா என்ன பண்றார்னு யாராவது கேட்டாங்களா?" என்றேன். "இல்லம்மா, என் பேனா எங்க வாங்கினேன்னு கேட்டாங்க."

ஜூன் 21, சனி

நேற்று இரவு ஜிஎஸ்டி மாதக் கணக்கான 3பி-யைத் தாக்கல் செய்து முடித்தேன். ஒரு நாளும் தேதி தவறவில்லை.

காலையில் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் அவர் வந்தார். 12-ஆம் தேதி மேட்டூரில் திறந்த தண்ணீர் காவிரியில் ஓடுகிறது. பாப்பா அவரை அம்மா மண்டபம் படித்துறைக்கு இழுத்துப் போனாள். ஐந்து மணிக்குத் திரும்பியபோது பாவாடை முழங்கால்வரை நனைந்திருந்தது. அவர் வாசலிலேயே நின்று தண்ணீர் கேட்டார், சொம்பில் கொடுத்தேன். குடித்துவிட்டு, ஸ்டேஷனுக்கு எந்த பஸ் என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் பாப்பா சொன்னாள்:

"ஒண்ணாம் நம்பர்ப்பா. ஆனா போர்டைப் படிச்சுட்டு ஏறுங்க. எல்லா பஸ்ஸும் ஜங்ஷன் போகாது."