ஹார்ப்பர்ஸ் ஃபெரி: இரண்டு ஆறு, ஒரு தண்டவாளம்

வாஷிங்டனிலிருந்து மாலை ரயிலில் போனேன். ஒன்றரை மணி நேரப் பயணம். மலைச் சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் ரயில் நேரே பொட்டோமாக் ஆற்றுப் பாலத்தில் ஏறிவிடுகிறது. இடப்பக்கம் ஷெனண்டோவா வந்து கலக்கிறது. எதிரே, இரண்டு ஆறுகளும் கூடும் முனையில், சுமார் 300 பேர் மட்டுமே வாழும் ஹார்ப்பர்ஸ் ஃபெரி, அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்துச் சிற்றூர்.

ராபர்ட் ஹார்ப்பர் என்ற ஆலை கட்டும் தொழிலாளி 1747இல் இங்கே இடம் வாங்கிப் படகுத்துறை நடத்தினார். ஊர்ப் பெயர் அதிலிருந்து வந்ததுதான். 1783இல் வந்த தாமஸ் ஜெஃபர்சன், இந்தக் காட்சிக்காக அட்லாண்டிக்கையே கடந்து வரலாம் என்று எழுதினார். அவர் நின்ற பாறைக்கு ஏறிப் பார்த்தேன். அவர் சொன்னது மிகையில்லை.

ஜார்ஜ் வாஷிங்டன் அழகைப் பார்க்கவில்லை, நீரின் வேகத்தைப் பார்த்தார். அவர் தேர்ந்தெடுத்த இந்த இடத்தில் 1799இல் அரசு ஆயுதத் தொழிற்சாலை எழும்பத் தொடங்கியது. ஆற்றுநீர்தான் இயந்திரங்களைச் சுழற்றியது. ஒரு துப்பாக்கியின் உதிரிபாகம் இன்னொன்றிலும் அப்படியே பொருந்தும்படி ஜான் ஹால் செய்து காட்டியதும் இங்கேதான்.

அப்புறம் கால்வாயும் ரயிலும் வந்தன. இரண்டு வேலைகளும் 1828 ஜூலை 4 அன்று, ஒரே நாளில் தொடங்கின. மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே இருந்த ஒடுக்கமான வழி யாருக்கு என்று இரு கம்பெனிகளும் நீதிமன்றம் வரை போயின. எதிர்க்கரைக்குக் கால்வாய் 1833இல் வந்து சேர, பால்டிமோர் அண்ட் ஒஹையோ ரயில் மறு வருடம் வந்தது. 1837இல் ரயில் பாலம் தாண்டி ஊருக்குள் நுழைந்தது.

பெரும்பாலானவர்கள் இங்கே வருவது ஜான் பிரவுனுக்காக. அடிமை முறையை ஒழிக்க, 1859 அக்டோபர் 16 இரவு 21 பேருடன் வந்து ஆயுதக் கிடங்கைப் பிடித்தவர். அந்த இரவின் கதையே ரயிலோடு பின்னியதுதான். முதலில் சுடப்பட்டு இறந்தவர் ஹேவர்ட் ஷெப்பர்ட், ரயில் நிலையத்தில் சாமான் தூக்கிய கறுப்பினத்தவர். அவர் அடிமையல்லர், சுதந்திர மனிதர். காணாமல் போன காவலாளியைத் தேடிப் பாலத்தில் நடந்தபோது, பிரவுனின் ஆட்கள் சுட்டார்கள். யாருடைய விடுதலைக்காக வந்தார்களோ, அவர்களில் ஒருவர்தான் முதல் பலி. அந்த இடத்தருகே நின்றபோது மேலே நடக்க மனம் வரவில்லை.

பால்டிமோர் போகும் ரயிலைச் சில மணி நேரம் நிறுத்திவைத்த பிரவுன், விடிகாலையில் போக விட்டார். அதுதான் அவருக்கு வினையானது. நடத்துநர் அடுத்து வந்த ஒரு நிலையத்திலிருந்து தந்தி அடித்தார். ராணுவ அதிகாரி ராபர்ட் லீயும் மரைன் படை வீரர்களும் ரயிலிலேயே வந்து இறங்கினார்கள். 18ஆம் தேதி காலை எல்லாம் முடிந்தது.

உள்நாட்டுப் போர் தொடங்கியதும், 1861 ஏப்ரலில், அரசுப் படையே கிடங்குக்கும் தொழிற்சாலைக்கும் தீ வைத்துவிட்டுப் பின்வாங்கியது. மிஞ்சிய இயந்திரங்களை, அரசை எதிர்த்துப் பிரிந்த தென் மாநிலத்தவர்கள் எடுத்துப் போனார்கள். தொழிற்சாலை மறுபடி திறக்கவே இல்லை. மீதியை வெள்ளம் பார்த்துக்கொண்டது. 1924 வெள்ளத்தோடு கால்வாய்ப் போக்குவரத்து நின்றது. 1936இல் தண்ணீர் 36 அடிக்கு மேல் ஏறியது. கீழ்த்தெருவில் ஒரு கட்டட மூலையில் வெள்ளக் குறிகள் இருக்கின்றன. அண்ணாந்துதான் பார்க்க வேண்டும்.

போகிறவர்களுக்கு ஒன்று. பிரவுன் பதுங்கிய செங்கல் கட்டடம் இப்போது நிற்பது அதன் பழைய இடத்தில் அல்ல. சிகாகோ கண்காட்சி வரை போய்த் திரும்பி, ஊருக்குள்ளும் இடம் மாறியது அது. பழைய இடத்தை ரயில்பாதையின் கரைமேடு மூடிவிட்டது. அதன்மேல் ஒரு கல்தூண் நிற்கிறது, அதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.