ஆச்சி வீட்டுச் சாவும் ஊர் வாயும்

ஆச்சி போய் இன்றோடு ஆறு நாள். அதற்குள் காரைக்குடி டீக்கடை வரைக்கும் மூன்று கதை ஓடுகிறது. சொத்துத் தகராறாம், நகைக்கு வந்தவனாம், சமையல் செய்கிற பெண்ணாம். அந்தப் பெண்ணின் போட்டோவையே வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். பத்து வருஷமாக ஆச்சிக்குக் கால் பிடித்துவிட்டவள். வயிறு எரிகிறது.

தெரிந்தது இவ்வளவுதான். வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் தூணோரம் ஆச்சி கிடந்தார்கள். நெற்றியில் காயம். முகப்புக் கதவு திறந்திருந்தது.

போலீஸ் புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (BNSS) 194-வது பிரிவில் வழக்குப் பதிந்திருக்கிறது. பழைய சட்டத்தின் 174-வது பிரிவுதான், 2024 ஜூலையில் புதுச் சட்டம் வந்ததும் எண் மாறிவிட்டது. அது யாரையும் குற்றவாளி என்று சொல்கிற பிரிவு இல்லை, சாவுக்குக் காரணம் என்ன என்று விசாரிக்கத்தான். பிரேதப் பரிசோதனை முடிந்தும் உள்ளுறுப்பு மாதிரி ஆய்வகத்துக்குப் போனால் முடிவு வர நாளாகும்.

தள்ளிவிட்டாலும் நெற்றி உடையும், வழுக்கி விழுந்தாலும் உடையும். ஈரம் பட்டால் அந்த ஆத்தங்குடிக் கல் தரை எப்படி வழுக்கும் என்று அங்கே ஓடி விளையாடிய எனக்குத் தெரியும். என்ன நடந்தது என்று மட்டும் எனக்கும் தெரியாது.

அந்தப் போட்டோவைத் தயவுசெய்து அழித்துவிடுங்கள். அவள் மகள் பத்தாவது படிக்கிறாள். மூன்று நாளாகப் பள்ளிக்கூடம் போகவில்லை.